காய்ச்சல் விட்ட பிறகும் பிளேட்லெட் ஏன் இறங்குகிறது?

கேள்வி: போன மாதம் என் பையனுக்கு டெங்கு. காய்ச்சல் விட்டதே என்று நிம்மதியான அன்றைக்குத்தான் பிளேட்லெட் 42 ஆயிரத்துக்கு இறங்கியது. வெள்ளணுவும் குறைவு, ஆனால் ஹீமோகுளோபின் குறையவே இல்லை. வைரஸ் ரத்தத்தைத் தின்கிறது என்றார்கள், அப்படியானால் சிவப்பணு மட்டும் எப்படித் தப்பியது? இப்போது நன்றாக இருக்கிறான்.
- வாசகி, குடியாத்தம்

பதில்: பையன் தேறியதில் சந்தோஷம் அம்மா. ரத்தத்தில் ஓடும் பிளேட்லெட்டுகள் அழிவது உண்மைதான், ஆனால் அது பாதிக் கதை. மீதி எலும்பு மஜ்ஜையில் நடக்கிறது. வைரஸ் நுழைந்ததும் உடம்பு இன்டர்ஃபெரான் போன்ற பொருள்களைச் சுரக்கிறது, அவை வைரஸைத் தடுப்பதோடு, அணுக்களை உற்பத்தி செய்யும் மஜ்ஜையையும் அடக்கி வைக்கின்றன. போதாததற்கு டெங்கு வைரஸ் மஜ்ஜைக்குள்ளேயே போய், பிளேட்லெட்டை உருவாக்கும் பெரிய செல்களையும் அவற்றைப் பேணும் செல்களையும் தொந்தரவு செய்கிறது. இதெல்லாம் காய்ச்சலின் முதல் மூன்று நான்கு நாளிலேயே.

உங்கள் ஊர்க் கைலித் தறியையே எடுத்துக்கொள்ளுங்கள். தறி நின்ற அன்றே கடையில் சரக்கு தீராது, இருப்பு கரையக் கரையத்தான் தெரியும். வெள்ளணுக்களில் பெரும்பங்கான நியூட்ரோஃபிலுக்கு ரத்தத்தில் ஆயுள் ஒரு நாள்கூட நிச்சயமில்லை, அதனால் அது முதலில் குறைகிறது. பிளேட்லெட்டுக்கு 7 முதல் 10 நாள், அதனால் அதன் இறக்கம் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் தெரிகிறது. சிவப்பணுவுக்கோ சுமார் 120 நாள், ஒரு வாரம் உற்பத்தி தடைப்பட்டாலும் ஹீமோகுளோபினில் தெரியாது. (சிவப்பணு உற்பத்தியையே நிறுத்தும் பார்வோவைரஸ் பி19 என்று ஒன்று உண்டு. நம்மில் பலருக்கு அது வந்து போனதே தெரியாது, ஆனால் சிவப்பணு சீக்கிரம் உடையும் அரிவாள் செல் நோயாளிகளுக்கு அதே வைரஸால் சில நாளில் ரத்தம் ஆபத்தான அளவு குறைந்துவிடும்.)

சரி, திரும்ப எப்படி ஏறுகிறது? கல்லீரல் த்ராம்போபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கிறது. பிளேட்லெட்டுகள்தான் அதை ரத்தத்திலிருந்து அகற்றும், அவை குறைந்தால் ஹார்மோன் மிஞ்சி, மஜ்ஜையை முடுக்கிவிடுகிறது. பையனுக்குத் தானாகவே ஏறியது இப்படித்தான். ரத்தக்கசிவு இல்லாதபோது எண்ணிக்கையை மட்டும் பார்த்து பிளேட்லெட் ஏற்றச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதால் வருகிறது. காய்ச்சல் விடும் அந்த ஒன்றிரண்டு நாளில் ரிப்போர்ட்டில் பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, நீர் கசிந்தால் இது கூடும்) ஏறுகிறதா என்று கேளுங்கள், விடாத வயிற்றுவலி, வாந்தி, ரத்தக்கசிவு, கை கால் சில்லிட்டுப் போவது இதில் எது தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.