மண்ணைச் சீவி அள்ளிச் சுமந்து செல்லும் ஸ்கிரேப்பர் வண்டியிலேயே பெரிய என்ஜின் இருக்கும்போது, மண் அள்ளுகையில் பின்னால் ஒரு புல்டோசர் ஏன் தள்ளுகிறது?

சக்கரங்களுக்குப் பிடிமானம் போதாததால்தான். ஸ்கிரேப்பரின் நடுத்தொட்டியைத் தாழ்த்தியதும் அதன் விளிம்பிலுள்ள வெட்டுத்தகடு மண்ணைச் சீவி உள்ளே ஏற்றும். முதலில் சுலபமாகத்தான் ஏறும். அப்புறம் வரும் மண், ஏற்கெனவே உள்ளே கிடக்கும் மண்ணைப் பிளந்துகொண்டு மேலெழ வேண்டும். தொட்டி நிறைய நிறைய எதிர்ப்பும் கூடிக்கொண்டே போகும். என்ஜினில் பலம் இருந்தும் ரப்பர் டயர்கள் வழுக்கிச் சுழலும்.

சங்கிலிப் பட்டையில் ஓடும் புல்டோசருக்கு அந்தச் சிக்கல் குறைவு. மெதுவாகப் போனாலும் தரையை நன்றாகப் பற்றும். ஸ்கிரேப்பருக்கோ, நிரம்பிய மண்ணோடு வேகமாக ஓட டயர்தான் வேண்டும். ஏற்றும் அந்தச் சிறிது நேரத்துக்கு மட்டும் புல்டோசரிடம் உதவி வாங்குவது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஒரே புல்டோசர் பல ஸ்கிரேப்பர்களை மாறி மாறித் தள்ளிவிடலாம்.

புல்டோசர் இல்லாமல் ஏற்றவும் வழி உண்டு. பின்சக்கரங்களுக்குத் தனி என்ஜின் வைத்த இரட்டை என்ஜின் வகையில், இரண்டு ஸ்கிரேப்பர்களைக் கொக்கியால் இணைத்து ஒன்றுக்கொன்று உதவ வைப்பார்கள். இன்னொரு வகையில், முன்பக்கம் ஏணி போலச் சுழலும் சங்கிலிப் பலகைகள் மண்ணைத் தாமே தூக்கித் தொட்டிக்குள் போடும். ஆனால் பெரிய பாறைத் துண்டுகள் கலந்த மண்ணுக்கு இது சரிப்படாது.