ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறார், டாக்டர்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஆண்களைப் பற்றியவை, அவர்களின் புராஸ்டேட் சுரப்பியைப் பற்றியவை. எழுதியவர்கள் பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பெண்கள். பினாங்கில் என் கிளினிக்கிலும் இதே கதைதான். முதலில் மனைவி உள்ளே வருவார், பின்னால் கைப்பேசியைப் பார்த்தபடி அவர்.

என் கணவருக்கு 58 வயது. ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறார், போனாலும் வெகுநேரம் நிற்கிறார். "வயசானா இப்படித்தான்" என்கிறார். எப்படி அழைத்து வருவது? (பட்டர்வொர்த் வாசகி)

அவர் சொல்வதில் பாதி உண்மை. புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி மோதிரம் போல இருக்கிறது. வயது ஏற ஏற அது பருத்துக் குழாயை நெருக்கும். இது புற்றுநோய் அல்ல, பெரும்பாலும் மாத்திரையிலேயே தொந்தரவு நன்றாகக் குறையும். அதே சுரப்பியில் வரும் புற்றுநோயோ ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. அதனால் "எனக்கு ஒன்றுமில்லையே" என்பவரும் 50 வயதானதும் ஒரு தடவை டாக்டரிடம் இதைப் பேசிவிடுவது நல்லது.

நம் ஆட்கள் ராத்திரி அடிக்கடி எழுந்தால் நான் சர்க்கரையையும் சந்தேகிப்பேன். பத்து மணிக்கு மாமாக் கடையில் குடித்த தே தாரேக் டீயையும்தான்.

அழைத்து வர, "கேன்சர் டெஸ்ட்" என்ற பேச்சையே எடுக்காதீர்கள். என் சொந்த அண்ணனுக்கு இரண்டு வருடம் வகுப்பு நடத்தினேன், மனிதர் அசையவில்லை. அண்ணி ஒரு நாள், "நீங்க எழுந்திரிக்கிறதுல எனக்கும்தான் தூக்கம் போகுது. சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போறீங்களே, இதையும் கேட்டுட்டு வாங்களேன்" என்றார். போய்விட்டார்! ஆனால், அவருக்குத் தெரியாமல் ரத்தத்தில் இதையும் பார்க்கச் சொல்லி என்னிடம் கண்ணைக் காட்டாதீர்கள். அதை நான் செய்ய மாட்டேன்.

செலவு என்று சாக்குச் சொன்னால், அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் டாக்டரைப் பார்க்க மலேசியக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ஒரு ரிங்கிட்) என்று சொல்லுங்கள்.

"அந்த விரல் டெஸ்ட்" என்றாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறார்.

முதல் படி பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை, புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவைப் பார்ப்பது. கையில்தான் ஊசி. ஆசனவாய் வழியாக டாக்டர் விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்க்கும் அந்தப் பரிசோதனை தேவைப்பட்டாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது, வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. ஆண் டாக்டர் வேண்டுமென்றால் பதியும்போதே கேளுங்கள். இன்னொன்று: நீங்கள் வெளியே உட்காருங்கள், தம்பி உள்ளே போகட்டும். மகள் எதிரில் இருந்தால் நம் அப்பாக்கள் வாயே திறப்பதில்லை.

அப்பாவுக்கு 62 வயதில் புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. எனக்கு 41. இப்போதே பார்க்கணுமா?

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. 45-ஐத் தாண்ட விடாதீர்கள். குடும்பத்தில் பெண்களுக்கு மார்பகம், சினைப்பைப் புற்றுநோய் இருந்ததா என்றும் விசாரியுங்கள். ஒரே மரபணுக் கோளாறு பெண்களுக்கு அவற்றையும் ஆண்களுக்கு இதையும் கொண்டுவரலாம்.

இவருக்கு பி.எஸ்.ஏ. 5.2 வந்திருக்கிறது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். 4-க்கு மேல் போனால் கவனிப்போம், அவ்வளவுதான். சுரப்பி வெறுமனே பருத்திருந்தாலும், சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தாலும், முந்தின நாள் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டியிருந்தாலும், தாம்பத்திய உறவு இருந்திருந்தாலும் எண் ஏறும். 4-க்கும் 10-க்கும் இடையில் இருப்பவர்களிடம் சதை எடுத்துப் பார்த்தால், சுமார் நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அப்போதும் இறங்காவிட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தேவைப்பட்டால் அப்புறம்தான் ஊசியால் சதை எடுப்பது. புற்றுநோயே என்றாலும், மெதுவாக வளரும் வகையென்றால் உடனே கத்தி வைக்காமல் கண்காணித்து மட்டும் வருவது இன்று சாதாரணம்.

முடி கொட்டாமலிருக்க ஃபினாஸ்டெரைடு மாத்திரை சாப்பிடுகிறாரா? மனைவிக்கே சொல்லாமல் சாப்பிடுபவர்கள் உண்டு. அது பி.எஸ்.ஏ. எண்ணைப் பாதியாகக் காட்டிவிடும். டாக்டரிடமாவது சொல்லச் சொல்லுங்கள்.

தாத்தாவுக்கு 79. அவரையும் கூட்டிப் போகலாமா?

தொந்தரவு ஏதும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அந்த வயதில் தேடிப் பிடிப்பதால் நன்மையைவிட அலைச்சல்தான் அதிகம்.

எதற்கு உடனே ஓடி வரணும்?

சிறுநீரில் ரத்தம் கண்டால், வலியே இல்லாவிட்டாலும். முட்டிக்கொண்டு வந்தும் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லையென்றால் அன்றிரவே எமர்ஜென்சி. சுரப்பி பருத்தவர்களுக்குச் சில சளி மாத்திரைகளே இப்படி அடைத்துவிடும். ஒரு தைப்பூசத்துக்கு முந்தின இரவு ஒருவர், மூக்கடைப்போடு காவடி எடுக்க வேண்டாமே என்று கடையில் வாங்கி இரண்டு போட்டிருக்கிறார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏற வேண்டியவர், விடியும்போது டியூப்போடு வார்டில் படுத்திருந்தார்.