நானே கட்டிய சிறு விமானத்தில் தரையிறங்கியதும் வால் சக்கரம் படபடவென்று உதறுகிறது. என்ன செய்வது?

முதலில் சக்கரத்தைக் கழற்றாதீர்கள், அது இடவலமாகத் திரும்பும் சுழல் அச்சின் சாய்வைப் பாருங்கள். பெட்ரோல் நிரப்பி, விமானி இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, விமானத்தைச் சமதளத்தில் நிறுத்துங்கள். அச்சுக்குப் பக்கத்தில் ஒரு தூக்குநூலைத் தொங்கவிடுங்கள். அச்சு செங்குத்தாகவோ, மேல்முனை துளி பின்பக்கம் சாய்ந்தோ இருந்தால் சரி. மேல்முனை முன்பக்கம் சாய்ந்திருந்தால் உதறலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். வால் சக்கரத்தைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங் நாளடைவில் வளைவை இழந்து தட்டையாகும்போது அச்சும் முன்னால் சாயும். ஸ்பிரிங்கைத் திரும்ப வளைக்க வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும். வெறுமனே நட்டை இறுக்குவது தீர்வே இல்லை.

சாய்வு சரியென்றால் அப்புறம் வாலைத் தூக்கித் தாங்கி நிறுத்தி, சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். புஷ் (அச்சைச் சுற்றிய உருளை வளையம்), பேரிங், ஸ்பிரிங் போல்ட்டில் ஆட்டம் தெரியும். சக்கரம் தளர்வாகத் திரும்பாமல் பிடித்துவைக்கும் உராய்வுத் தட்டுகள் தேய்ந்திருக்கலாம், டயரில் காற்றும் குறைந்திருக்கலாம். வால் சுக்கானோடு சக்கரத்தை இணைக்கும் ஸ்டியரிங் சங்கிலியின் இரு ஸ்பிரிங்குகளும் வெவ்வேறு விறைப்பில் இருந்தால் பழுது என்று நினைக்காதீர்கள். உதறலைத் தணிக்கவே சிலர் அப்படிப் போடுவார்கள்.

புல்தரையில் ஓட்டுபவரென்றால் மண்ணைத் துடைத்துவிட்டு அடிக்கடி கிரீஸ் வையுங்கள், உராய்வுத் தட்டுகளில் மட்டும் படக்கூடாது.