ஒரு பேட்டரி மட்டும் ஏன் இறங்குகிறது?

கேள்வி: என் பத்துச் சக்கர லாரியைச் சனி இரவு நிறுத்தினால் திங்கள் காலை செல்ஃப் எடுப்பதில்லை. இரண்டு பேட்டரியும் புதிது. டைனமோ சரியாக இருக்கிறது என்கிறார் எலக்ட்ரீஷியன். எப்போதும் ஒரே பேட்டரிதான் இறங்குகிறது. மற்றதில் தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது.
– லாரி உரிமையாளர், சங்ககிரி

பதில்: விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்த 24 வோல்ட் வண்டியில் கரண்ட் கசிந்தால் இரண்டு பேட்டரியும் சேர்ந்தே இறங்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்குகிறது என்றால், பாட்டுப் பெட்டிக்கோ மொபைல் சார்ஜருக்கோ கேபின் ஃபேனுக்கோ இரண்டு பேட்டரிக்கும் நடுவிலுள்ள இணைப்பிலிருந்து 12 வோல்ட் எடுத்திருக்கிறார்கள் என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். நெகட்டிவ் பாடிக்குப் போகும் பேட்டரிதான் அந்த லோடைச் சுமக்கிறது. டைனமோ மொத்தமாக 28 வோல்ட் அளவுக்குத்தான் கொடுக்கும். இரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்காது. இறங்கிய பேட்டரி 13 வோல்ட்டில் நின்றால் மற்றது 15 வோல்ட் வாங்கிக் கொதிக்கும். தண்ணீர் வற்றுவது அதனால்தான்.

உறுதிப்படுத்த, இரண்டு பேட்டரியையும் இடம் மாற்றி ஒரு வாரம் ஓட்டுங்கள். முன்பு இறங்கிய பேட்டரி இருந்த இடத்தில் இப்போது இருப்பது இறங்கினால் கோளாறு வயரிங்கில். அதே பேட்டரி இறங்கினால் கோளாறு பேட்டரியில். பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள், செல்லுக்குச் செல் அடர்த்தியில் 0.050-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் செல் போய்விட்டது.

வயரிங் என்று தெரிந்தால் அடுத்து மல்டிமீட்டர். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, அரை மணி நேரம் விடுங்கள். அதற்குள் கம்ப்யூட்டர் பெட்டிகள் உறங்கிவிடும். யூரியா டேங்க் உள்ள பி.எஸ்.6 வண்டியில், சாவியை எடுத்தபின் பம்ப் குழாயிலுள்ள திரவத்தை டேங்குக்குத் திருப்பி இழுக்கும். அது முடியும் முன் பேட்டரியைக் கழற்றவே கூடாது. மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, பாடிக்குப் போகும் நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே இணையுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவி போட்டாலோ செல்ஃப் அடித்தாலோ மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

0.05 ஆம்பியர் அளவு சாதாரணம். ஜி.பி.எஸ். இருந்தால் கொஞ்சம் கூடும். 1 ஆம்பியர் காட்டினால் ஒரு நாளில் 24 ஆம்பியர் ஹவர் போகிறது என்று அர்த்தம். 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்று நாளில் பாதியாகிவிடும். முதலில் நடு இணைப்பிலிருந்து 12 வோல்ட் எடுக்கும் வயரை (நடு வயரை) மட்டும் கழற்றிப் பாருங்கள். அளவு குறையாவிட்டால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது முள் இறங்குகிறதோ அந்த லைனில்தான் கசிவு. எந்த ஃபியூஸுக்கும் அசையவில்லையா? பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டு, டைனமோவின் பெரிய வயரை எடுத்து டேப் சுற்றி, மறுபடி அளந்து பாருங்கள். டைனமோவுக்குள் கரண்ட்டை ஒரே திசையில் விடும் டயோடு கசிந்தாலும் டைனமோ சார்ஜ் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

நடு வயரை அடியோடு எடுத்துவிட்டு, 24-இலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றை, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் லைனில் ஃபியூஸுடன் பொருத்துங்கள். பாட்டுக்கும் சார்ஜருக்கும் 10 ஆம்பியர் போதும். பிறகு இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக முழுசாகச் சார்ஜ் ஏற்றி மாட்டுங்கள்.

கேள்வி: பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் கட்-ஆஃப் ஸ்விட்ச் போட்டுவிட்டால் போதாதா?

பதில்: நாள்கணக்கில் நிறுத்தும்போது உதவும். ஆனால் நடு வயர் இருக்கும்வரை வண்டி ஓடும்போதும் ஒன்று குறைவாகவும் ஒன்று அதிகமாகவும்தான் சார்ஜ் ஆகும்.