பேஸ்மட்டச் சுவருக்கு 6 இன்ச்சா, 8 இன்ச்சா?

கேள்வி: 30க்கு 30 அடி அளவுல பில்லர் போட்டு வீடு கட்டுறோம். ரோடு வருஷா வருஷம் உசந்துட்டே போறதால பேஸ்மட்டம் 4 அடி ஏத்துறோம். மேஸ்திரி 6 இன்ச் சாலிட் பிளாக் (ஓட்டை இல்லாத சிமெண்ட் கல்லு) தாராளம்ங்கிறார், என் மச்சான் 8 இன்ச்சுக்குக் கொறச்சலா போடவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். யார் சொல்றதக் கேக்குறது? (வாசகர், பெரம்பலூர்)

பதில்: வெளிச்சுவருக்கு மச்சான் பேச்சு, உள்சுவருக்கு மேஸ்திரி பேச்சு.

பில்லர் வீட்டுல ரூஃப், மேல்சுவர் பாரமெல்லாம் பீம் வழியா பில்லருக்குப் போயிடும், பேஸ்மட்டச் சுவர் வீட்டைத் தாங்குறதில்ல, உள்ள நீங்க கொட்டப்போற மண்ணத் தடுத்து நிக்குது, அவ்ளோதான். மேஸ்திரி இத வச்சுத்தான் 6 போதும்ங்கிறார். ஆனா மண்ணு பக்கவாட்டுல தள்ளுமே! 2 அடி மண்ணு சுவரை வளைக்கிற விசையை விட 4 அடி மண்ணு வளைக்கிறது 8 மடங்கு. சுவர் பக்கம் பாத்தா, 6லேருந்து 8க்குப் போனா கனம் 2 இன்ச்தான் கூடுது, வளையாம தாங்குற சக்தி கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆயிடுது. 2, இரண்டரை அடி பேஸ்மட்டம்னா நானே 6 போடச் சொல்லியிருப்பேன், 4 அடிக்கு மனசு வரல.

உள்சுவருக்கு ரெண்டு பக்கமும் மண்ணு இருக்கும், தள்ளுறது ஒன்னுக்கொன்னு சரியாயிடும், அதனால 6 போதும். ஆனா ஒரு ரூமை முழுசா நெரப்பிட்டு அடுத்த ரூமுக்குப் போகாதீங்க, எல்லா ரூமும் ஒரே மட்டமா ஏறணும். செலவுக் கணக்குன்னா, சுத்தி 120 அடி, 4 அடி உசரம், 16க்கு 8 இன்ச் கல்லுன்னா வெளிச்சுவருக்கு 540 கல்லு வரும், பில்லர், பீம் போக இன்னும் கொறையும். உங்க ஊருல 6க்கும் 8க்கும் இருக்குற விலை வித்தியாசத்தை அதால பெருக்கிப் பாருங்க, வீட்டோட மொத்த செலவுல அது ஒரு பெரிய காசே இல்ல.

இன்னொன்னு, உங்க மச்சானும் மேஸ்திரியும் சண்டை போடாத விஷயம், ஆனா கனத்தை விட முக்கியம். பேஸ்மட்டச் சுவர் மேல சுத்தி ஓடுற கான்கிரீட் பீம், அதான் பிளிந்த் பீம், அதப் போட்டு இறுகினதுக்கு அப்புறம்தான் மண்ணு நெரப்பணும். பீம் இல்லன்னா சுவரோட மேல்முனை பிடிப்பில்லாம நிக்கும், பீம் இருந்தா மேலயும் கீழயும் பிடிச்சுக்கும், வளைவு பாதிக்கும் கீழ கொறைஞ்சிடும். ஜேசிபிய சுவரை ஒட்டி ஓட்ட விடாதீங்க. அப்புறம் உங்க பக்கம் கரிசல் மண்ணு ஜாஸ்தி, தோண்டுன மண்ணு சும்மாதான கெடக்குன்னு அதையே உள்ள தள்ளிட்டா, தண்ணி பட்டா உப்பும், சுவரையும் தள்ளும் தரையையும் தூக்கும், அதுக்கு 8 இன்ச்சும் தாங்காது. கிராவல் வாங்கி 6லேருந்து 9 இன்ச் அடுக்கா போட்டு, தண்ணி தெளிச்சு இடிச்சு இறுக்குங்க. குளம் மாதிரி தண்ணி கட்டி விட்டா அந்தத் தண்ணியும் சேர்ந்து தள்ளும்.

கல்லு வாங்கும்போது சிமெண்ட் கல்லுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 2185 படி சதுர மில்லிமீட்டருக்கு 5 நியூட்டன் பலம் வருதான்னு டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க. நேத்து போட்ட கல்லை இன்னைக்கு ஏத்தி அனுப்புனா வேண்டாம்னு சொல்லிடுங்க, 14 நாள் தண்ணி குடிச்சு அப்புறம் நல்லா காஞ்ச கல்லுதான் கட்டினப்புறம் சுருங்கி வெடிக்காது. செங்கல் மாதிரி தொட்டியில ஊறப்போட்டும் கட்டக்கூடாது, லேசா தெளிச்சா போதும். கலவை ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு 6 பங்கு மணல்னா சரி, சிமெண்ட் கூடப் போட்டா நல்லதுன்னு நெனச்சு 1க்கு 3 போட்டா விரிசல்தான் வரும்.

கேள்வி: எடை கம்மின்னு பேஸ்மட்டத்துக்கும் ஏஏசி பிளாக் (காத்துக் குமிழி நெறஞ்ச லேசான கான்கிரீட் கல்லு) போடலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: வேண்டாம்மா. அது தண்ணிய உறிஞ்சுற கல்லு, மண்ணுக்குள்ள எப்பவும் ஈரத்துல கெடக்கும். பிளிந்த் பீமுக்கு மேல தாராளமா போடுங்க.

கேள்வி: பில்லர் இல்லாம ஒரு ரூம், ஒரு கிச்சன் மட்டும் கட்டுறோம். 6 இன்ச் போதுமா? (வாசகர், புதுக்கோட்டை)

பதில்: பில்லர் இல்லன்னா சுவர்தான் பாரம் தூக்குது. மண்ணுக்குக் கீழ அகலமா கருங்கல் கட்டு, அதுக்கு மேல 8 இன்ச். பின்னால மாடி எடுக்குற ஆசை இருந்தா இப்பவே இன்ஜினியர்கிட்ட சொல்லிடுங்க.