பாதை முடிகிற கிராமத்துக்கு ஒரு பயணம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவரும் தோட்ட உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பாரிஸில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழும் எங்கள் மகள், அடுத்த ஆண்டு எங்களை அங்கே வரவழைத்து, அங்கிருந்து கரீபியன் தீவான மார்த்தினிக்கின் வட முனையில் உள்ள கிராந்த்-ரிவியேர் என்ற மீன்பிடிக் கிராமத்துக்குப் பத்து நாள் அழைத்துப்போக விரும்புகிறாள். அவளுக்கு ஓகஸ்ட்டில்தான் விடுமுறை. மார்த்தினிக் பிரான்சுக்குச் சொந்தமானது என்பதால் பிரெஞ்சு விசா ஒன்றே போதும் என்கிறாள். அப்படித்தானா? வேறு என்ன ஆயத்தம் வேண்டும்?
— வாசகி, தலவாக்கலை

பதில்: மகள் சொல்வதில் பாதி சரி, மீதிப் பாதிதான் உங்களை விமான நிலையத்தில் நிறுத்தி வைக்கும். மார்த்தினிக் பிரான்சின் ஒரு மாவட்டமே; அங்கே புழங்குவதும் யூரோதான். ஆனால், ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு எல்லையான ஷெங்கன் எல்லைக்குள் அந்தத் தீவு அடங்காது. ஆகவே பாரிஸுக்கென்று கொடுக்கப்படும் சாதாரண ஷெங்கன் விசாவைக் காட்டி, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நீங்கள் இருவரும் அங்கே இறங்க முடியாது. பிரான்சின் அமெரிக்கப் பகுதி மாவட்டங்களுக்குச் செல்லும் என்று தனியாகக் குறிப்பிடப்பட்ட விசா வேண்டும். கொழும்பில் விண்ணப்பிக்கும்போதே பாரிஸ், மார்த்தினிக் ஆகிய இரண்டையும் பயண விவரத்தில் எழுதி, இரண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

பலர் தவறவிடும் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பாரிஸிலிருந்து மார்த்தினிக்குக்குப் புறப்படும்போது நீங்கள் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறுகிறீர்கள். திரும்பி வரும்போது மறுபடியும் அதற்குள் நுழைகிறீர்கள். எனவே உங்கள் ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டும் உரியதாக இருந்தால், போகும் பயணம் நல்லபடியாக நடந்துவிடும், வீடு திரும்பும் பயணம்தான் சிக்கலாகும். பலமுறை நுழைவு அனுமதி கேட்டு வாங்குங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டியிருப்பதால், தலவாக்கலையிலிருந்து ரயிலேறிக் கொழும்புக்கு இறங்கும் அந்த ஒரு நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் விசா வரும்வரை தீவுக்கான பயணச்சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

மார்த்தினிக் விமானங்கள் பெரும்பாலும் பாரிஸின் ஒர்லி விமான நிலையத்திலிருந்தே கிளம்புகின்றன. கட்டுநாயக்கவிலிருந்து வளைகுடா வழியாக வருகிறவர்கள் வழக்கமாக இறங்குவதோ நகரின் மறுபுறத்தில் உள்ள ஷார்ல் து கோல் நிலையத்தில். மகள் வீட்டில் சில நாள் இளைப்பாறிவிட்டுப் புறப்படுவதே நல்லது. ஒர்லியிலிருந்து இன்னும் எட்டரை மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். இலங்கை நேரத்துக்கும் தீவின் நேரத்துக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம் இருப்பதால், முதல் இரண்டு நாள் பகலில் தூக்கம் கண்ணைச் சுழற்றும்.

இனி ஓகஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். மகளிடம் விடுமுறையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள் என்பதே என் ஆலோசனை. அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீள்கிறது. அதன் உச்சம் ஓகஸ்ட், செப்டம்பர், ஒக்டோபர் மாதங்கள். 2007 ஓகஸ்ட்டில் டீன் சூறாவளி மார்த்தினிக்கின் வாழைத் தோட்டங்களை அடியோடு சாய்த்துப் போட்டது. ஒவ்வோர் ஆண்டும் அப்படி நடப்பதில்லை. ஆனால் அறுபதைத் தாண்டிய இருவர், மலை அடிவாரத்துக் கடலோரக் கிராமத்தில், வெள்ளத்தால் பாதை துண்டிக்கப்பட்டு இருக்க நேரும் வாய்ப்பை வலிய ஏன் தேடிப்போக வேண்டும்? பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. 1,397 மீற்றர் உயரமான பெலே எரிமலை வடக்கில் மேகத்தைப் பிடித்து நிறுத்திவிடும். வட்டவளைப் பக்கத்து மழையை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வெப்பம்தான் உங்களை வாட்டும். கடலோரத்தில் பகலில் முப்பது பாகைக்கு அருகில் இருக்கும்; எனவே தலவாக்கலைக் கம்பளிச் சட்டைகளைப் பாரிஸிலேயே விட்டுவிட்டுப் பருத்தி ஆடைகளை எடுத்துச் செல்லுங்கள். டெங்கு அங்கேயும் உண்டு என்பதால் நுளம்பு விரட்டியும் வேண்டும்.

கிராமத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடக்கு நோக்கிச் செல்லும் தார்ச்சாலை கிராந்த்-ரிவியேரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் மேற்குக் கரைக்குப் போவதானால் காட்டுக்குள் ஏறத்தாழ 20 கிலோமீற்றர், ஆறு மணி நேரம் நடக்க வேண்டும். அந்த நடையை நீங்கள் நினைக்கவே வேண்டாம். மார்த்தினிக்குக்கே உரிய கொடிய விஷப் பாம்பு ஒன்று அந்தப் புதர்களில் வாழ்கிறது. மீனவர் படகுகள் கரையேறுவதைப் பார்த்துக்கொண்டு, வானம் தெளிந்த வேளையில் எதிரே தெரியும் டொமினிக்கா தீவின் மலைகளை நோக்கி உட்கார்ந்திருப்பதே அங்கே செய்யக்கூடிய பெரிய காரியம். அது போதாது என்று நினைப்பவர்கள் தெற்கே போய்விடலாம். பத்து நாளையும் அங்கேயே கழிக்காமல், ஐந்து நாள் கிராமத்திலும் மீதி நாள்களைச் சென்-பியேர் பக்கத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். 1902 மே 8ஆம் திகதி பெலே வெடித்தபோது ஏறத்தாழ முப்பதாயிரம் பேரோடு அழிந்த நகரம் அது. தடித்த கற்சுவர் கொண்ட சிறை அறைக்குள் இருந்ததால் உயிர் தப்பிய கைதியின் அந்த அறையை இன்றும் காணலாம்.

பொதுப் போக்குவரத்தை நம்ப வேண்டாம். நான் போயிருந்தபோது, ஒரு சனிக்கிழமை பிற்பகல் கடைசி வான் புறப்பட்டுவிட்டது தெரியாமல் இரண்டு மணி நேரம் சாலையோரத்தில் காத்து நின்றேன். வாழைத்தார் ஏற்றிவந்த லொறிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். மகள் வாடகைக் கார் எடுத்து ஓட்டுவதே வசதி.

கேள்வி: அந்தத் தீவில் கடலில் குளிக்கலாமா? சாப்பாடு நமக்கு ஒத்துவருமா?
— வாசகர், பண்டாரவளை

பதில்: வடகிழக்குக் கரையில் குளிக்க வேண்டாம். அட்லாண்டிக்கின் அலை நேராக வந்து அறையும் கரை அது. மேற்குக் கரையின் கறுப்பு மணல் குடாக்கள் அமைதியானவை. கரையோர மரங்கள் சிலவற்றின் அடியில் சிவப்பு வளையம் பூசியிருப்பதைக் கண்டால் விலகி நடங்கள். மான்சினீல் எனப்படும் அந்த மரத்தின் பால் தோலைப் பொசுக்கும். சிறிய ஆப்பிள் போன்ற பழம் நஞ்சு. மழைக்கு அதன் கீழே ஒதுங்கினாலும் இலையில் வழிந்து சொட்டும் நீர் கொப்புளம் எழுப்பும். 2011 முதல் கிழக்குக் கரையில் சர்காசம் என்ற பழுப்புப் பாசி குவியல் குவியலாக ஒதுங்குகிறது. அது அழுகும்போது கூழ்முட்டை நாற்றம் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் அருகில் போகக் கூடாது.

சாப்பாட்டில் உங்களுக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. தீவெங்கும் கோழியிலும் ஆட்டிறைச்சியிலும் சமைக்கப்படும் கறியின் பெயர் 'கொலொம்போ'. நம்முடைய 'குழம்பு' என்ற சொல்லே அப்படித் திரிந்தது என்பர். நம் தலைநகரின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வோரும் உண்டு. குழம்பின் பக்கமே நான். சந்தையில் அந்தத் தூளை ஒரு சிட்டிகை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்த்தேன்: மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு எல்லாம் இருந்தன, மிளகாய் மட்டும் இல்லை. உறைப்பு வேண்டுமென்றால் மிளகாயைத் தனியாகக் கேட்க வேண்டும்; ஆனால் அந்தச் சப்பை மிளகாய் நம் கொச்சிக்காயைவிடக் கடுமையானது, பார்த்துக் கடியுங்கள். ஈரப்பலாவும் வாழைக்காயும் தாராளமாகக் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை: 1972 முதல் 1993 வரை வாழைத் தோட்டங்களில் தெளித்த குளோர்டெகோன் என்ற பூச்சிகொல்லி இன்றும் மண்ணிலும் சில கரையோரக் கடலிலும் தங்கியிருக்கிறது. அதனால் சில இடங்களில் மீன்பிடிக்கவே தடை உண்டு. தெருவோரத்தில் யாரோ விற்கும் கிழங்கையும் ஆற்றுமுகத்து நண்டையும் வாங்காமல், முறையான சந்தையில் வாங்குங்கள். மருந்து தெளித்த தோட்டத்தில் வேலை செய்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதன் பொருள் புரியும்.

கேள்வி: மார்த்தினிக்கில் தமிழர் கோயில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அங்கே தமிழில் பேச முடியுமா?
— வாசகர், பதுளை

பதில்: கோயில் உண்டு, தமிழ்ப் பேச்சு இல்லை. 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சுக்காரர்கள், 1853 முதல் 1883 வரை ஏறத்தாழ 25,000 பேரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவந்தனர். பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்களே அவர்களில் பெரும்பாலோர். முதற்கப்பலான 'ஒரேலி' 1853 மேயில் வந்தது. நம் முன்னோர் மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த அதே காலம்தான். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பிரெஞ்சும், கிரியோல் என்ற உள்ளூர்க் கலப்பு மொழியும் பேசுகிறார்கள்.

கிராந்த்-ரிவியேருக்குப் போகும் வழியில், பாஸ்-புவான்த் ஊரருகே, கிராதி தோட்டத்துக் கோயில் இருக்கிறது. அங்கே 'மாரியெமன்' மாரியம்மன். 'மால்தெவிலின்' நம் மதுரை வீரன். நாகூர் ஆண்டவரும் 'நாகூர்மிரா' என்ற பெயரில் அவர்களோடு வணங்கப்படுகிறார். நேர்த்தி வைத்த குடும்பம் ஆட்டுக்கடாவோடு வரும் நாளில் தப்பு அடிப்பார்கள், அருள் வந்தவர் கத்தி முனைமேல் ஏறி நிற்பார், தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த தமிழ்ப் பாட்டு பொருள் தெரியாமலே ஒலிக்கும். காவல் தெய்வமான ரோதமுனிக்குப் பலி கொடுக்கும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பார்த்து முகம் சுளிக்கத் தோன்றாது.

'கூலி' என்ற சொல்லை அங்கே வாய்தவறியும் சொல்லாதீர்கள். நமக்கு எப்படி வலிக்குமோ அப்படியே அவர்களுக்கும் வலிக்கும். பூசை எந்த ஞாயிறு என்பதைத் தங்கும் விடுதியில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றியதும் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். படம் எடுக்கலாமா என்பதைப் பூசை முடிந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.