அமெரிக்காவில் மூன்றாம் கட்சிக்கு ஓட்டுப் போடலாமா?

அதிபர் தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களைப் பற்றி, "இரண்டு பேரையுமே பிடிக்கவில்லை, மூன்றாவது ஆளுக்குப் போட்டால் வீணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அது நீங்கள் இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது, ஏனென்றால் 48 மாநிலங்களில் ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே எலெக்டோரல் ஓட்டு (அதிபரைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலத்துக்கென ஒதுக்கிய ஓட்டு) மொத்தமும் போய்விடும். 2000இல் புளோரிடாவில் புஷ் ஜெயித்தது வெறும் 537 ஓட்டில். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் அங்கே வாங்கியது 97,000க்கும் மேல். அத்தனை பேரும் புஷ்ஷின் முக்கிய எதிராளி அல் கோருக்குப் போட்டிருப்பார்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் அவர்களில் நூற்றுக்கு ஒருவர் அவர் பக்கம் போயிருந்தாலே முடிவு மாறியிருக்கும். அதனால் பென்சில்வேனியா மாதிரி இழுபறி மாநிலம் என்றால், மனசு கசந்தாலும் இருவரில் கெடுதல் குறைந்தவருக்கே போடுங்கள். ஒரே கட்சி எளிதாக ஜெயித்துவிடும் கலிபோர்னியாவிலோ வயோமிங்கிலோ இருந்தால் தாராளமாகப் பிடித்தவருக்குப் போடலாம். அப்புறம், மெய்ன் மாநிலத்தில் 1, 2 என்று வரிசைப்படுத்தலாம், யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் உங்கள் முதல் ஆள் வெளியேறினால் அந்த ஓட்டு இரண்டாமவருக்குப் போய்ச் சேரும்.